வயிற்றில் கத்தி படாமல் ஆபரேஷன்... 2007-ல் உலகமே வியந்த 'நோட்ஸ்' முறை இப்போது எங்கே?

வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, இரைப்பையில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கி, குடல்வாலை வெட்டி, வந்த வழியிலேயே வாயால் வெளியே எடுத்தால் எப்படி இருக்கும்?

படிக்கும்போதே தொண்டையில் ஏதோ செய்கிறதா? ஏதோ சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம ஹைதராபாத்தில் சுமார் 20 வருடங்களுக்கு முன்பே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

'தழும்பே இல்லாத ஆபரேஷன்', 'காலையில் அட்மிட், மாலையில் வீடு' என்று இப்போது ஃபோனைத் திறந்தாலே விளம்பரங்கள் வருகின்றன. கர்ப்பப்பை, பித்தப்பை, மூலம் என்று எல்லாவற்றுக்கும் இதே வாசகம்தான். இதில் எது உண்மையிலேயே புது முறை, எது பழைய லேப்ராஸ்கோப்பிக்குப் புதுப் பெயர்? 'உடம்பில் இருக்கும் இயற்கையான துவாரங்கள் வழியாகவே அறுவை சிகிச்சை' என்ற கனவு எங்கே ஜெயித்தது, எங்கே சறுக்கியது? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில், 'நோட்ஸ்' என்றால் என்ன?

வயிற்றுக்குள் ஓர் உறுப்பை அணுக வேண்டுமென்றால் வழக்கமாக இரண்டு வழி. ஒன்று, வயிற்றைக் கிழித்துத் திறப்பது. இன்னொன்று லேப்ராஸ்கோப்பி. அதாவது வயிற்றின் மேல் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு, கேமராவும் கருவிகளும் விடுவது. 'சாவித்துவார ஆபரேஷன்' என்று நம்ம ஊரில் சொல்வது இதைத்தான்.

இரண்டிலுமே வெளித்தோலில் வெட்டு உண்டு. அந்த வெட்டையும் தவிர்த்துவிட்டு வாய், ஆசனவாய், பெண்களின் பிறப்புறுப்பு என ஏற்கெனவே இருக்கும் வழிகளில் ஒன்றில் நுழைந்து, உள்ளே இருக்கும் இரைப்பைச் சுவரிலோ யோனிச் சுவரிலோ சிறு வெட்டுப் போட்டு வயிற்றறைக்குள் போவதுதான் 'நோட்ஸ்'. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த சுருக்கம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டே இல்லை என்பது சரியான வார்த்தை கிடையாது. வெட்டு இருக்கிறது. ஆனால் அது உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரைப்பைக்கும் யோனிக்கும் தோலைப் போல வலியை உணரும் நரம்புகள் அதிகம் இல்லை. அதனால் வலி குறையும், தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வராது, காயத்தில் சீழ் பிடிக்காது என்பதுதான் இந்த யோசனையின் அடிப்படை.

பன்றியில் ஆரம்பித்து ஹைதராபாத்துக்கு

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆன்டனி கல்லூ தலைமையிலான குழு, பன்றிகளின் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, இரைப்பையைத் துளைத்து வயிற்றறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதை 2004-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. உலகம் முழுக்க இதைப் பற்றிய பேச்சு கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

மனிதரிடம் செய்து காட்டிய பெயர் ஹைதராபாத்தின் ஏசியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜியைச் சேர்ந்த டாக்டர்கள் ஜி.வி.ராவ், டி.நாகேஷ்வர் ரெட்டி இருவருக்கும் போனது. அவர்கள் தேர்ந்தெடுத்த நோயாளி யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவருக்கு வயிற்றுத் தோலில் கடுமையான தீக்காயம். வெளியே கத்தி வைப்பதே சிக்கல். அப்படிப்பட்டவருக்கு வாய் வழியாகப் போய் குடல்வாலை எடுத்தார்கள். அந்த வீடியோவை மருத்துவ மாநாடுகளில் போட்டுக் காட்டியபோது அரங்கமே வாயைப் பிளந்தது.

அழகுக்காகச் செய்ததல்ல அது. வேறு வழி கஷ்டமாக இருந்த ஒருவருக்குச் செய்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை போகப் போக இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கோவையின் டாக்டர் சி.பழனிவேலு குழு, பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக எண்டோஸ்கோப் விட்டு குடல்வாலை அகற்றியதை 2008-ல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியிட்டது. 'உலகின் முதல் அறிக்கை' என்றே அதற்குத் தலைப்பு வைத்திருந்தார்கள்.

எகிப்தியக் கடவுளின் பெயரில் ஓர் ஆபரேஷன்

2007 ஏப்ரல் 2. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். 30 வயதுப் பெண் ஒருவரின் பித்தப்பையை, பிறப்புறுப்பு வழியாக விட்ட எண்டோஸ்கோப் மூலம் டாக்டர் ஜாக் மாரெஸ்கோ குழு அகற்றியது. வயிற்றின் மேல் இருந்தது 2 மில்லிமீட்டர் ஊசித் துளை ஒன்று மட்டும்தான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆபரேஷன் அனுபிஸ்'. உடல்களைப் பதப்படுத்தும் எகிப்தியக் கடவுள்தான் அனுபிஸ். மம்மி செய்தவர்கள் மூக்கு வழியாகவே மூளையை வெளியே எடுத்தவர்கள் என்பதால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கும் நோயாளிக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்கவும் தோன்றுகிறது!

இந்த மாரெஸ்கோ சாதாரண ஆள் இல்லை. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த நோயாளிக்கு ரோபோ மூலம் பித்தப்பை ஆபரேஷன் செய்தவர். அதனால் அவர் செய்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. அதே 2007 மார்ச்சில் பிரேசிலிலும் நியூயார்க்கிலும் இதே வழியில், சில வித்தியாசங்களோடு, பித்தப்பை எடுக்கப்பட்டிருந்தது. யார் முதல் என்ற போட்டி வேறு தனியாக நடந்தது.

'இன்னும் 10 வருஷத்தில் லேப்ராஸ்கோப்பியே இருக்காது' என்கிற அளவுக்கு அப்போது உற்சாகம். நடந்தது வேறு.

பித்தப்பையில் ஏன் எடுபடவில்லை?

பெரிய காரணம் ரொம்ப எளிமையானது. தோற்கடிக்க வேண்டிய எதிரி ஏற்கெனவே பலசாலி. லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷன் 1980-களின் நடுவில் வந்தபோது அது எதிர்கொண்டது, வயிற்றின் வலப்பக்கம் நீளமாகக் கிழிக்கும் பழைய முறையை. ஒரு வாரம் படுக்கை, மாதக்கணக்கில் வலி என்றிருந்த இடத்தில் நான்கு சிறு துளைகள் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் நோட்ஸ் வந்தபோது நோயாளிகள் ஏற்கெனவே ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தழும்புகளும் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இதற்கு மேல் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது?

அடுத்தது கருவி. எண்டோஸ்கோப் என்பது பாம்பு போல வளையும் குழாய். குடலுக்குள் வளைந்து போகத்தான் அதை வடிவமைத்தார்கள். வயிற்றறை போன்ற வெட்டவெளியில் அதற்குப் பிடிமானம் கிடையாது. லேப்ராஸ்கோப்பியில் இரண்டு கருவிகள் இரண்டு பக்கமிருந்து வந்து ஒரு புள்ளியில் சந்திக்கும், நம் இரண்டு கைகளைப் போல. எண்டோஸ்கோப்பில் கேமராவும் கருவிகளும் ஒரே குழாய்க்குள். முழங்கைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொன்ன மாதிரி.

எல்லாவற்றையும் விடப் பயம் தந்தது, அந்த உள் ஓட்டையை அடைப்பது. தோலில் போட்ட தையல் பிரிந்தால் கட்டுப் போடலாம். இரைப்பையில் போட்ட ஓட்டை சரியாக மூடாவிட்டால் அமிலமும் கிருமிகளும் வயிற்றறைக்குள் கசியும். அது உயிரையே எடுக்கும். நன்றாக இருக்கும் ஓர் உறுப்பை, வேறொரு உறுப்பை எடுப்பதற்காகத் துளைப்பது நியாயமா என்ற கேள்விக்குக் கடைசி வரை திருப்தியான பதில் வரவில்லை.

இந்தச் சிக்கல்கள் முதலிலேயே தெரியாமல் இல்லை. அமெரிக்காவின் எண்டோஸ்கோப்பி நிபுணர்கள் சங்கமும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் 2005-லேயே ஒன்றாக உட்கார்ந்து, தீர்க்க வேண்டிய பிரச்னைகளைப் பட்டியல் போட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் மனிதர்களுக்குச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டன. மருத்துவத்தில் ஒரு புது முறை வரும்போது இப்படி முன்கூட்டியே வேலி போட்டது பாராட்ட வேண்டிய விஷயம்.

ஜெர்மனியில் 2008-ல் தேசியப் பதிவேடே தொடங்கினார்கள். முதல் 551 நோயாளிகளின் விவரம் 2010-ல் வெளியானது. 85 சதவீதத்துக்கும் மேல் பித்தப்பை ஆபரேஷன்கள்தான். சிக்கல் வந்தது 3.1 சதவீதம் பேருக்கு. எண்களைப் பார்த்தால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இன்னொன்றும் அதில் இருந்தது. அத்தனை பேரும் பெண்கள். அத்தனையும் பிறப்புறுப்பு வழி. எல்லோருக்கும் வயிற்றின் மேல் ஒரு சிறு துளையும் போட்டிருந்தார்கள். வாய் வழியாகப் போகும் அந்த அசல் கனவை நடைமுறையில் ஏறக்குறைய கைவிட்டுவிட்டார்கள். ஆண்களுக்கு வழியே இல்லை!

தொண்டைக்குள் ஜெயித்த 'கவிதை'

கதை இங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. பித்தப்பையில் தோற்ற யோசனை, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் தலைதூக்கியது.

அகலேசியா என்று ஒரு நோய். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். இந்த நோயில் அது தளரவே தளராது. சோறு மட்டுமல்ல, தண்ணீரே இறங்காது. சாப்பிட்டது அப்படியே தேங்கி, படுத்தால் மேலே வரும், ராத்திரியில் இருமல் வரும், எடை குறையும். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு வரும் அரிய நோய் என்பதால் பலரும் முதலில் 'கேஸ் ட்ரபிள்', 'அசிடிட்டி' என்று மாத்திரை சாப்பிட்டே வருடங்களை ஓட்டுகிறார்கள். வழக்கமான தீர்வு, லேப்ராஸ்கோப்பி மூலம் வெளியிலிருந்து போய் அந்தத் தசையை வெட்டிவிடுவது.

ஜப்பானின் டாக்டர் ஹருஹிரோ இனோவே 2008 செப்டம்பரில் இதை வாய் வழியாகவே செய்தார். அதன் பெயரின் சுருக்கம் 'போயம்'. ஆம், ஆங்கிலத்தில் கவிதையைச் சொல்லும் அதே உச்சரிப்பு. தமிழ் படித்துவிட்டு மருத்துவச் செய்தி எழுத உட்கார்ந்த எனக்கு இந்தப் பெயர் உடனே பிடித்துப்போனது வேறு விஷயம்.

இதில் உள்ள தந்திரம்தான் முக்கியம். உணவுக்குழாயின் சுவர் பல அடுக்குகளாலானது. லைனிங் வைத்துத் தைத்த சட்டையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்பக்க லைனிங்கில் மேலே ஓரிடத்தில் சிறு வெட்டுப் போட்டு, லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவில் எண்டோஸ்கோப்பை நுழைத்து, சுரங்கம் மாதிரிக் கீழே போய், அங்கே இறுகிக் கிடக்கும் தசையை வெட்டிவிட்டுத் திரும்பி வந்து, நுழைந்த இடத்தைக் கிளிப் போட்டு மூடிவிடுகிறார்கள். நுழைந்த இடமும் தசையை வெட்டிய இடமும் வேறு வேறு. கிளிப் கொஞ்சம் விலகினாலும் கீழே வெட்டிய இடத்தின் மேல் லைனிங் முழுசாக மூடியிருக்கிறது. கசிவுக்கு நேர்வழி கிடையாது. நோட்ஸை முடக்கிப் போட்ட 'ஓட்டையை எப்படி மூடுவது' பிரச்னையை இந்தச் சுரங்கம் தீர்த்துவிட்டது.

சரி, பலன் எப்படி? ஐரோப்பாவில் 221 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பக்கம் போயம், இன்னொரு பக்கம் லேப்ராஸ்கோப்பி என்று ஒப்பிட்டார்கள். முடிவு 2019-ல் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து நோய் கட்டுப்பட்டிருந்தது போயமில் 83 சதவீதம் பேருக்கு, லேப்ராஸ்கோப்பியில் 81.7 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட சமம். ஆனால் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குவது போயம் பிரிவில் 44 சதவீதம், மற்றதில் 29 சதவீதம். லேப்ராஸ்கோப்பியில் அமிலம் ஏறாமலிருக்க இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றித் தைத்துவிடுவார்கள். போயமில் அது கிடையாது. ஆக, தழும்பு மிச்சம், ஆனால் அமிலத்துக்கு மாத்திரை தேவைப்படலாம். இந்தக் கணக்கை விளம்பரம் சொல்லாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதே மாதிரி இன்னொரு வெற்றி கணையத்தில். கடுமையான கணைய அழற்சியில் கணையத்தின் ஒரு பகுதி அழுகி, சீழோடு ஒரு பையாகத் திரண்டுவிடும். அந்தப் பை பெரும்பாலும் இரைப்பையின் பின்சுவரை ஒட்டியே இருக்கும். எண்டோஸ்கோப்பை வாய் வழியாக விட்டு, இரைப்பையிலிருந்தே அதற்கு வழி போட்டு, ஸ்டென்ட் வைத்து, அழுகிய திசுவை இரைப்பைக்குள்ளேயே இழுத்துவிடுகிறார்கள். இங்கே ஓட்டையை மூட வேண்டிய கவலையே இல்லை. அது திறந்திருந்தால்தான் சீழ் வடியும்! நெதர்லாந்தில் 98 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், இறப்பு மற்றும் பெரிய சிக்கல்களில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கணைய நீர் கசியும் புரை, எண்டோஸ்கோப்பி பிரிவில் 5 சதவீதம், வெளியிலிருந்து செய்த பிரிவில் 32 சதவீதம். மாதக்கணக்கில் வயிற்றில் பை மாட்டிக்கொண்டு நடப்பதா இல்லையா என்பதுதான் இந்த எண்ணின் அர்த்தம்.

கர்ப்பப்பை: இங்கேதான் ஜாக்கிரதை

இன்று 'தழும்பில்லா ஆபரேஷன்' விளம்பரங்களில் அதிகம் வருவது கர்ப்பப்பை அகற்றம். பிறப்புறுப்பு வழியாக ஒரு வளையத்தைப் பொருத்தி, வாயுவை நிரப்பி, கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது 'வி-நோட்ஸ்'. பெல்ஜியத்தில் டாக்டர் யான் பாக்கலாண்ட் குழு 70 பெண்களிடம் இதை லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிட்டது. வி-நோட்ஸுக்கு சராசரியாக 41 நிமிடம், லேப்ராஸ்கோப்பிக்கு 75 நிமிடம். அன்றைக்கே வீடு திரும்பியவர்கள் 77 சதவீதம், மற்றதில் 43 சதவீதம். நல்ல முடிவுதான்.

ஆனால் யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். லேப்ராஸ்கோப்பியோடு. கேமரா, வளையம், வாயு எதுவுமே இல்லாமல், பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பையை எடுக்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் லாங்கென்பெக் 1813-லேயே செய்தது. அதிலும் வயிற்றில் தழும்பு கிடையாது, செலவும் குறைவு. முடிகிற இடத்திலெல்லாம் அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2017-லும் சொல்லியிருக்கிறது. 'தழும்பில்லை' என்பதற்காக மட்டும் புதுக் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது. அதேநேரம் கர்ப்பப்பை பெரிதாக இருந்தால், சினைப்பையையும் எடுக்க வேண்டியிருந்தால் பழைய முறை கஷ்டம். அங்கே வி-நோட்ஸ் கைகொடுக்கும். கடுமையான எண்டோமெட்ரியோசிஸ் இருந்து உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடந்தால் இந்த வழியே சரிப்படாது.

இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா? பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் அமல்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், மாதவிடாயால் வேலை கெடக்கூடாது என்பதற்காகக் கரும்பு வெட்டும் பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாட்டையே உலுக்கியது. ஆபரேஷன் எளிதாக எளிதாக, 'எடுத்துடலாம்மா, ஒரே நாள்தான்' என்று சொல்வதும் எளிதாகிவிடுகிறது. தழும்பு தெரியாவிட்டாலும் உள்ளே எடுத்தது எடுத்ததுதான்.

நார்வே ஏன் நிறுத்தியது?

கடைசியாக ஒரு கசப்பான அனுபவம். மலக்குடல் புற்றுநோய்க் கட்டி ரொம்பக் கீழே இருந்தால், மேலே வயிற்றிலிருந்து இறங்கி அதை எடுப்பது சிரமம். குறிப்பாக இடுப்பெலும்பு குறுகலான ஆண்களுக்கு. ஆசனவாய் வழியாகக் கீழிருந்து மேலே போனால் என்ன என்று தோன்றியதில் பிறந்ததுதான் 'டாடிஎம்இ'. 2009-ல் பார்சிலோனாவில் முதன்முதலில் செய்தார்கள். வேகமாகப் பரவியது.

நார்வேயில் 2014 அக்டோபர் முதல் 157 பேருக்கு இதைச் செய்தார்கள். திடீரென்று சில மருத்துவர்களுக்குச் சந்தேகம். புற்றுநோய் அதே இடத்தில், அதுவும் பல புள்ளிகளில், சீக்கிரமே திரும்புகிறதே? தேசியப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். 2.4 ஆண்டுகளில் புற்று அதே பகுதியில் திரும்பும் விகிதம் புது முறையில் 11.6 சதவீதம். வழக்கமான முறையில் 2.4 சதவீதம். நாடு முழுக்க நிறுத்தினார்கள். கட்டிக்குக் கீழே குடலைச் சுருக்குப்பை மாதிரி கட்டி மூடும் தையல் சரியாக அமையாவிட்டால், உள்ளே செலுத்தும் வாயுவோடு புற்று செல்களும் பரவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

நிறைய அனுபவமுள்ள மையங்களில் இதே ஆபரேஷன் நல்ல பலன் தருகிறது, இன்றும் நடக்கிறது. ஒரு மருத்துவமனையின் முதல் சில நோயாளிகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நெதர்லாந்து அனுபவமும் காட்டியது. நார்வேயில் 157 பேரிலேயே தப்பு தெரிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு நோயாளியும் ஒரே பதிவேட்டில் இருந்ததுதான். எண்ணாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு டாக்டரும் 'என்னிடம் ஒன்றிரண்டு பேருக்குத்தானே திரும்பியது' என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படியொரு ஆபரேஷன் சொல்லப்பட்டால், கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த ஆபரேஷனே இப்போது தேவையா, மருந்தில் சரியாகாதா? இதே முறையில் நீங்களே இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அதில் எத்தனை பேருக்குப் பாதியில் வழக்கமான முறைக்கு மாற வேண்டி வந்தது? லேப்ராஸ்கோப்பியோடு பார்த்தால் செலவு எவ்வளவு கூடும், இன்ஷூரன்ஸ் அதை ஏற்குமா? பிறப்புறுப்பு வழி என்றால் தாம்பத்தியத்துக்கு எத்தனை வாரம் இடைவெளி, பின்னால் வலி வருமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பல பெண்கள் கேட்பதே இல்லை, கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

உள்ளே போனபிறகு நிலைமை சரியில்லை என்றால் எந்த நல்ல டாக்டரும் வயிற்றில் துளை போடத் தயங்கமாட்டார். சம்மதப் படிவத்தில் 'தேவைப்பட்டால் திறந்த அறுவை சிகிச்சைக்கு மாற்றப்படும்' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை ஒருமுறை படித்துவிடுங்கள்.